என் ரெஸ்யூமுக்கு வந்த சம்பந்தம்

வேலை தேடுகிறவனுக்கு யார் வேண்டுமானாலும் புத்தி சொல்லலாம். வேலையில் இருப்பவர் சொல்லலாம், வேலை போனவர் சொல்லலாம். வேலைக்கே போகாதவர் இருக்கிறாரே, அவர் எல்லோரையும்விட நன்றாகச் சொல்லுவார். ஆனால் ரெஸ்யூம் எப்படி எழுதுவது என்று எனக்குச் சொல்லித்தர எங்கள் வீட்டில் ஒருவர்கூட இல்லை. அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது தேவைப்பட்டதே இல்லை. அத்தா மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு பெரிய குடையின் கீழ் நைட்டி விற்கிறார். வாங்க வரும் பெண்கள் யாரும் அவரிடம் கல்வித்தகுதி கேட்பதில்லை. (கேட்டிருந்தால் 'ஃப்ரீ சைஸ்' என்று சொல்லியிருப்பார்.)

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டியதோடு நிற்காமல் பி.காம். வரை ஓடிவிட்டேன். அதனால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று வீட்டில் நம்பினார்கள். கரண்ட் பில், ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டு மாமியின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் என் கைக்குத்தான் வரும். ஸ்கேன் ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நான் "ம்ம்ம்" என்பேன். மாமிக்குப் பாதி வலி குறைந்துவிடும்.

அத்தாவுக்கு மட்டும் இந்த "ம்ம்ம்"மில் முழு நம்பிக்கை இல்லை. ஒருநாள் சோற்றில் கை வைத்தபடி கெடு சொன்னார்.

"எடா சாதிக், நோம்பு பிறந்தா யாவாரம் பிடிக்கும். ரெண்டாவது குடை ஒண்ணு விரிக்கணும். அதுக்குள்ள உனக்கு வேலை கிடைச்சா நீ போ, நான் தடுக்கல. கிடைக்கலேன்னா அந்தக் குடைக்குக் கீழ நீதான். பின்னே அங்கேயிருந்து எந்திரிக்கிற பேச்சு வேண்டாம்."

நோம்புக்கு மூன்று வாரம்கூட இல்லை. அப்போதுதான் இடப்பள்ளியில் ஒரு கம்பெனியின் விளம்பரம் என் போனில் வந்தது. தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் தமிழ் பேச ஆள் வேண்டும். ஏசி அறை, மாதச் சம்பளம், கழுத்தில் தொங்க ஓர் அடையாள அட்டை. உண்மையைச் சொன்னால் சம்பளத்தைவிட அந்த அட்டைதான் என்னைப் படுத்தியது. அதைக் கழற்ற மறந்தவன்போல மாலையில் பஜார் வழியாக நடந்து வருவதாகப் பலமுறை கற்பனை செய்து பார்த்துவிட்டேன்.

ரெஸ்யூம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். போனில் தேடிப் படித்தபோது ரெஸ்யூமில் மூன்று வடிவம் உண்டு என்று தெரிந்தது. முதலாவது காலவரிசை வடிவம்: எந்த வருடம் எங்கே என்ன வேலை என்று வரிசையாக எழுதுவது. அனுபவம் உள்ளவர்களுக்கு. இரண்டாவது திறன்வரிசை வடிவம்: வருடம், இடம் எதுவும் வேண்டாம், என்னென்ன தெரியும் என்று மட்டும் எழுதினால் போதும். அனுபவம் இல்லாதவர்களுக்கு. மூன்றாவது இரண்டையும் கலந்தது. நைட்டிக்காரன் மகனாக நான் புரிந்துகொண்டது இதுதான்: சரக்கு இருக்கிறவன் சரக்கைத் தொங்கவிடுகிறான், இல்லாதவன் குடையை நன்றாக விரித்துவைக்கிறான்.

நான் குடையை விரித்தேன்.

துவைத்த நைட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து "சாயம் போச்சு" என்று சண்டை போடும் பெண்களைச் சமாளித்தது "மோதல் தீர்வு" ஆயிற்று. குடைக் கம்பியில் நைட்டிகளைத் தொங்கவிட்டது "காட்சி வணிகத் திட்டமிடல்". மழை வந்தால் அத்தாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயை இழுப்போமே, அது "நெருக்கடிக் காலக் குழுத் தலைமை". (குழுவில் இரண்டு பேர். தலைமை மழைக்கு.) "ஆறு மொழிகளில் உரையாடும் ஆற்றல்" என்று ஒரு வரி. மட்டாஞ்சேரியில் வளர்ந்தவனுக்கு இதில் பாதி உண்மை. தமிழும் மலையாளமும் போக, மற்ற நான்கிலும் எனக்கு "விலை குறையாது" என்று மட்டும் சொல்ல வரும். இரண்டு பக்கம் நிறைந்தது. அதில் நைட்டி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அச்செடுத்து வந்து வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவும் நீ எப்படா செஞ்சே?" என்றாள். தங்கச்சி, "யாரு அத்தா இது? நம்ம காக்காவா?" என்று கேட்டாள். (அண்ணனை எங்கள் வீட்டில் காக்கா என்போம்.) அத்தா தாளை வாங்கி, ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"துணி கொள்ளாம்," என்று மெச்சினார்.

கடைசியில் ஒரு சிக்கல். உறவினர் அல்லாத ஒருவரின் பெயரும் போன் நம்பரும் தர வேண்டும். விசாரித்தால் அவர் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஹனீபா மாமா. அவர் எனக்குச் சொந்த மாமா இல்லை, சந்துக்கே மாமா. சந்தின் முக்கில் சாயாக்கடை வைத்திருக்கிறார். ரெஸ்யூமில் அவரை "உணவுத் துறைத் தொழில் முனைவோர்" என்று உயர்த்தினேன்.

ஹனீபா மாமாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது புரியாது. எங்கள் சந்தில் ஒரு பையனுக்குச் சம்பந்தம் வந்தால், பெண் வீட்டார் முதலில் ரகசியமாக விசாரிக்க ஆள் அனுப்புவார்கள். வருகிறவர் சந்துக்குள் நேராக நுழைய முடியுமா? முக்கில் ஒரு சாயா சொல்லிவிட்டு, "இங்க ரஹீம்னு ஒரு பையன்..." என்று மெல்ல இழுப்பார். அவ்வளவுதான். மாமா அடுப்பைக் குறைத்துவிட்டு, தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பையனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அதற்கென்று அவருக்குத் தனிக் குரல் உண்டு. எங்கள் சந்தில் நடந்த நிக்காஹ்களில் பெரும்பாலானவை அந்தச் சாயாக்கடையில் பாதி முடிந்தவை. அவருக்கு அதில் பெருமை. சாயா சுமார்தான்.

இது தெரிந்திருந்தும் போய்ச் சொன்னேன்.

"மாமா, ஒரு கம்பெனியிலேர்ந்து உங்களுக்கு போன் வரும். என்னைப் பத்தி விசாரிப்பாங்க. கொஞ்சம் நல்லதாச் சொல்லுங்க."

மாமா சாயா ஆற்றுவதை நிறுத்தினார். "யாருடா? எந்த ஊர்க்காரங்க?"

"இடப்பள்ளி. வேலைக்கு மாமா."

"அப்படித்தான் சொல்லுவாங்க."

"இல்ல மாமா, மெய்யாவே வேலைக்குத்தான்."

"மோனே, நீ படிச்சவன். ஆனா ஒலகம் தெரியாதவன். போன வருசம் நம்ம ரஹீமுக்கு, பேங்க்லேர்ந்து பேசறேன், லோன் விசயமா ஆள் எப்படின்னு ஒருத்தன் கேட்டான். யாரு? பொண்ணோட சின்னாப்பா! விவரமுள்ள குடும்பம் இப்படித்தான் கேக்கும். கல்யாணம்னு சொன்னா நாம பொய் சொல்லுவோம்ல? நீ போ. நான் பாத்துக்கறேன்."

அந்த "நான் பாத்துக்கறேன்" எனக்குத் தைரியமாக இருந்தது. அப்போது எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

நேர்முகத் தேர்வு அன்று அம்மா சட்டையை இரண்டு தடவை தேய்த்துக் கொடுத்தாள். இடப்பள்ளியில் இறங்கி, கம்பெனிக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது அங்கே எல்லோர் கழுத்திலும் அட்டை தொங்கியது. சாயா கொண்டுவந்தவர் கழுத்தில்கூட.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். மேனேஜர் செல்வகுமார் சார் கோயம்புத்தூர்க்காரர். ஆள் எடுக்கும் பிரிவைப் பார்க்கும் ஸ்ரீஜா மேடம் திருப்பூணித்துறைக்காரர். சார் என் ரெஸ்யூமை முன்னும் பின்னும் திருப்பினார். மூன்றாம் பக்கம் எதுவும் இருக்கிறதா என்று தேடுகிறவர்போலத் தோன்றியது.

"தம்பி, இதுல எல்லாமே இருக்குதுங்க. எங்க, எப்ப, யாருகிட்ட, அது மட்டும் காணோமுங்களே?"

"சார், இது திறன்வரிசை வடிவம்."

"அப்படீன்னா?"

"திறமை மட்டும்தான் இருக்கும் சார். இடம் இருக்காது."

"ஆள் உண்டாகுமோ?" என்று ஸ்ரீஜா மேடம் மெதுவாகக் கேட்டார்.

"நெருக்கடிக் காலக் குழுத் தலைமைன்னு போட்டிருக்கீங்க. என்ன நெருக்கடிங்க?"

"மழை சார்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மழை என்றால் வெள்ளம், வெள்ளம் என்றால் நிவாரணப்பணி என்று அவர்களே நினைத்துக்கொண்டதுபோல இருந்தது. நான் திருத்தவில்லை. அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். (குனிந்த அழகைப் பார்த்தால் படகு ஓட்டி நூறு பேரைக் காப்பாற்றியவன் என்றே யாரும் நினைப்பார்கள்.)

"சரிங்க. தேதியும் இல்ல, இடமும் இல்ல. அப்ப உங்களைத் தெரிஞ்சவர்கிட்டதான் கேக்கணும். இந்தத் தொழில் முனைவோருக்கு இப்பவே போட்டுப் பார்ப்போமுங்களா?" என்று சார் போனை எடுத்து மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டார். காலவரிசையில் எழுதியிருந்தால் அந்த போனுக்கே வேலை இருந்திருக்காது.

மணி அடித்தது. எண்ணெய் கொதிக்கும் சத்தமும், "ரெண்டு சாயா, ஒண்ணு ஸ்ட்ராங்!" என்ற கூவலும் அறைக்குள் வந்தன.

"ஹலோ, ஹனீபா சாருங்களா? இடப்பள்ளியில இருந்து பேசறேனுங்க. ஒரு கம்பெனியில மேனேஜர். சாதிக்னு ஒரு பையனைப் பத்தி விசாரிக்கணுமுங்க."

எண்ணெய்ச் சத்தம் குறைந்தது. அவர் அடுப்பைக் குறைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"கம்பெனி... ஆ, சேரி சேரி. மனசிலாச்சு," என்றது அந்தத் தனிக் குரல். "கேளுங்க. ஒண்ணும் மறைக்க மாட்டேன்."

"பையன் எப்படிங்க?"

"தங்கம். பீடி இல்ல, சிகரெட் இல்ல, பாக்குகூடப் போட மாட்டான். என் கடையைத் தாண்டித்தானே இந்தச் சந்துல ஒருத்தன் வெளிய போகணும்? எனக்குத் தெரியாம எவனும் கெட்டுப்போக முடியாது."

சார் திருப்தியாகத் தலையாட்டினார். "நாலு பேரோட ஒத்துப்போவாருங்களா?"

"அந்தக் கவலையே வேண்டாம். சின்னக் குடும்பம். ஒரு தங்கச்சி, அதுவும் நாளைக்குக் கெட்டிப் போயிரும். அம்மாக்காரி வாய் திறக்காது. உங்க பிள்ளைக்கு ஒரு குறையும் வராது."

"எங்க பிள்ளைக்குங்களா?"

நான் எழுந்தேன். "சார், அது வந்து..." ஸ்ரீஜா மேடம் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சார் விடாமல் கேட்டார். "தலைமைப் பண்பெல்லாம் உண்டுங்களா? யாரையாச்சும் நடத்தியிருக்காருங்களா?"

"இவனா? சொன்ன பேச்சு கேக்கிற பையன் சார். இவன் யாரை நடத்தறது? பொண்ணு நடத்தட்டும், பின்னாலயே போவான்."

"இப்ப என்ன பண்ணீட்டிருக்காருங்க?"

மாமா குரலைத் தாழ்த்தினார். "உள்ளதைச் சொல்லிடறேன். மறைச்சுக் கெட்டிக் கொடுக்கிற பழக்கம் என்கிட்ட இல்ல. இப்ப வேலை ஒண்ணும் இல்ல. அத்தா கடையில நைட்டி மடிக்கிறான். ஆனா அந்த மடிப்பை நீங்க பாக்கணும்! பொம்பளைங்க பிரிக்க மனசு வராம அப்படியே வாங்கிட்டுப் போவாங்க."

சாரின் விரல் என் ரெஸ்யூமில் "காட்சி வணிகத் திட்டமிடல்" என்ற வரியில் வந்து நின்றது. அங்கேயே சிறிது நேரம் இளைப்பாறியது.

"சரிங்க. கம்பெனி வேற ஊருக்கு மாத்தினா போவாருங்களா?"

"அது நடக்காது!" போன் மேசையில் அதிர்ந்தது. "வீட்டோட மாப்பிள்ளைக்கெல்லாம் நாங்க ஒத்துக்க மாட்டோம். ஒத்த ஆம்பளப் பிள்ளை."

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மேசைமேல் குனிந்து போனைப் பார்த்துக் கத்தினேன். "மாமா! இது வேலை! வேலைக்கு மாமா!"

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"யாரு, சாதிக்கா? நீயும் அங்கேதான் இருக்கியா? எங்க யாருகிட்டயும் சொல்லாம தனியாப் பொண்ணு பாக்கப் போயிட்டியாடா?"

"ஐயோ மாமா..."

"பெத்தவங்க இல்லாம, ஒரு கிலோ ஆப்பிள்கூட இல்லாம வெறுங்கையோட போய் உக்காந்திருக்கான் பாரு! சார், நீங்க தப்பா எடுக்காதீங்க. படிச்ச பையன், முறை தெரியாது. நான் இப்பவே வீட்டுல சொல்லி ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன்."

செல்வகுமார் சாரும் மனிதர்தானே. முகத்தை வெகு கண்டிப்பாக வைத்துக்கொண்டு, "பரவாயில்லீங்க. தம்பி நல்லா அடக்கமாத்தான் உக்காந்திருக்காரு. சாயா வச்சோம், தொடக்கூட இல்லீங்க," என்றார்.

"தொட மாட்டான், கூச்சம்," என்று மாமா போனை வைத்தார்.

ஸ்ரீஜா மேடம் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் ரெஸ்யூமைப் பத்திரமாக ஓர் உறையில் போட்டார். (பின்னால் எல்லோருக்கும் காட்டத்தான்.) "அவரு வேலை தேடறாருன்னா சொல்லுங்க தம்பி. அந்தக் குரலுக்கு எங்ககிட்ட எப்பவும் இடம் உண்டுங்க," என்றார். பிறகு எனக்கானதைச் சொன்னார்: "வீட்டுக்குப் போங்க. கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க."

பெண் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போகிறவர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள்.

வீட்டு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே சந்தின் பெண்கள் பாதிப்பேர். நடுவில் ஹனீபா மாமா, சாயாக்கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்து, நடந்ததை விவரித்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி சுவரிடம் பேசினாள்.

"எனக்குன்னு இருக்கிறது ஒரு மகன். அவனுக்குப் பொண்ணு பாக்க நான் வேண்டாமாம்."

"அம்மா, வேலைக்குத்தாம்மா போனேன். உனக்குத் தெரியாதா? நீதானே சட்டை தேய்ச்சுக் குடுத்தே?"

"அதான்! ரெண்டு தடவை தேய்க்கச் சொன்னப்பவே எனக்குத் தோணுச்சு."

(நான் சொல்லவே இல்லை. அவளாகத் தேய்த்தது.)

பக்கத்து வீட்டு மாமி என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "பொண்ணு வெளுப்பாடா?" என்றாள்.

அதற்குள் தகவல் கேட்டு அத்தா கடையைக் கட்டிவிட்டு வந்தார். வந்தவர் யாரையும் திட்டவில்லை. மாமாவை உட்கார வைத்து, போனில் என்னென்ன கேட்டார்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். மாமா ஒப்பித்தார். அத்தா யோசித்தார்.

"ஹனீபா, வேற ஊருக்கு மாத்தினா போவானான்னு பொண்ணு வீட்டுக்காரன் கேப்பானா?"

மாமா கொஞ்சம் தடுமாறினார். "பொண்ணு கல்ஃப்ல இருந்தா கேப்பான்ல?"

"தலைமை உண்டான்னு கேப்பானா?"

மாமா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து, "கடையில பால் பொங்கியிருக்கும்," என்று ஒரு குரல் வந்தது. தனிக் குரல் அல்ல, சாதாரணக் குரல்.

அத்தா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வேலையும் போச்சு, பொண்ணும் போச்சு. நைட்டி இருக்கு. வா," என்றார்.

நோம்பு முதல் நாளே இரண்டாவது குடைக்குக் கீழ் நின்றேன். இங்கே நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. வேலைக்கான போன் என்பதை எங்கள் வீடு ஏற்றுக்கொண்டதே தவிர, சந்து ஏற்றுக்கொள்ளவில்லை. அவ்வளவு நல்ல கதையைச் சந்து எப்படி விட்டுக்கொடுக்கும்? இடப்பள்ளியில் பெரிய இடம், பையனை நேரில் வரவழைத்துப் பார்த்தார்கள், வெறுங்கையோடு வந்தான் என்று வேண்டாமென்றுவிட்டார்கள். இதுதான் முடிவான வடிவம். பெண்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஆறுதல் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போக முடியாமல் ஆளுக்கொரு நைட்டி வாங்கினார்கள். "விடு மோனே, அவங்களுக்குக் கொடுத்து வைக்கல. அந்தப் பச்சை பூப்போட்டது எக்ஸ்எல் இருக்கா?" அந்த நோம்பில் அத்தாவின் குடையைவிட என் குடையில் வியாபாரம் அதிகம்.

குடைக்குக் கீழ் உட்கார்ந்தே புது ரெஸ்யூம் எழுதினேன். காலவரிசை, ஒரே பக்கம், முதல் வரி: "மட்டாஞ்சேரி பஜாரில் நைட்டி விற்பனை." அதை வைத்துக்கொண்டு கெடு முடிந்த பிறகும் நான் வெளியே மனுப்போட்டதை அத்தா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். மழைக்காலத்தில் தேவராவில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே என்னைத் தேர்வு செய்தவர் கேட்டது ஒரே கேள்வி: துவைத்த துணியைத் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன செய்வாய்? அதற்கு நான் அரைமணி நேரம் பதில் சொன்னேன்.

பிறகு எனக்கு மெய்யாகவே சம்பந்தம் வந்தது, பாலக்காட்டிலிருந்து. விசாரிக்க வந்தவர்கள் முக்கில் சாயா சொன்னார்கள். ஹனீபா மாமா இந்த முறை மிகவும் எச்சரிக்கையாக இருந்தார். முதலில் அவர்களிடமே, "இது கல்யாணத்துக்கா, வேலைக்கா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். அதன் பிறகு உள்ளதை மறைக்காமல் சொன்னார்: "தங்கமான பையன். முன்னாடி இடப்பள்ளியில ஒண்ணு பேசி விட்டுப்போச்சு. அதுல பையன் மேல குத்தமில்ல."

அதையும் கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டவள் ஷாஹினா. சோற்றில் உப்பில்லை என்று சொன்னால் போதும், "இடப்பள்ளிக்காரி இதைவிட நல்லா ஆக்குவாளா இருக்கும்," என்பாள். அம்மாவும் சேர்ந்துகொண்டு, "அவ எங்க ஆக்குவா? அங்க எல்லாரும் ஏசியில இருக்கிறவங்க," என்பாள்.

போன வாரம் மெட்ரோவில் போகும்போது இடப்பள்ளி வந்தது. ஷாஹினா என் விலாவில் இடித்து, பெட்டி முழுக்கக் கேட்கும்படி, "எந்திரிங்க, உங்க மாமனார் வீடு வந்தாச்சு. இந்தத் தடவையாவது ஆப்பிள் வாங்கிட்டுப் போங்க," என்றாள்.

எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்னையறியாமல் காலரைச் சரிசெய்துகொண்டேன்.